கோட் கேட்கிறது, கணக்குத் திறக்கவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணக்கு லொக் ஆனதும் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் முதலில் வாயில் வருவது "ஆரோ ஹக் பண்ணிப்போட்டாங்கள்" என்பதுதான். பெரும்பாலும் அப்படி ஒன்றும் நடந்திருக்காது. மின்னஞ்சல் கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கும். அதைத் திறந்து கொடுத்தவர் ரொரன்ரோவில் இருக்கும் மகன். கோட் போகிற இலக்கம் எப்போதோ கைவிட்ட சிம். போனோ சுவிஸில் இருந்து சித்தப்பா அனுப்பிய பழையது. கணக்கும் போனும் இலக்கமும் ஆளுக்கொரு கையில் இருக்கும்போது இருபடிச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு ஒரு கோட்டையும் கேட்கும் பாதுகாப்பு, உரியவரையே வெளியில் நிறுத்திவிடுகிறது. ஆகவே பிழை தேடுவது என்றால், அந்த இரண்டாவது படி இப்போது யார் கையில் இருக்கிறது என்று தேடுவதுதான்.

ஒவ்வொரு அறிகுறியும் கீழே தனித்தனியாக இருக்கிறது. உங்களுடையதைப் பார்த்து நேரே அங்கே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

எதிலும் கை வைக்கும் முன்

மீட்கக்கூடிய கணக்கை மீட்க முடியாமல் ஆக்குவது, அனேகமாகப் பதற்றத்தில் செய்கிற காரியங்கள்தான். பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள். "ஃபோர்மட் அடிச்சால் சரிவரும்" என்று கடையில் சொன்னாலும் விடாதீர்கள். கோட் காட்டும் அப்பை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். கணக்கு ஏற்கெனவே திறந்தபடி இருக்கும் லப்டொப், டப்லட் எதிலும் சைன் அவுட் கொடுக்காதீர்கள். மேசை லாச்சிக்குள் கிடக்கும் பழைய சிம்மை எறியாதீர்கள்.

அடுத்தது, கோட் கேட்டுக் கேட்டு அழுத்துவதை நிறுத்துங்கள். தொடர்ந்து கேட்டால் பல சேவைகள் சில மணி நேரத்துக்கு, சிலவேளை ஒரு நாளுக்கு, கோட் அனுப்புவதையே நிறுத்திவிடும். பிறகு சரியான வழி தெரிந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது திரையில் இருப்பதை முழுதாக வாசியுங்கள். பாஸ்வேர்ட் பிழை என்கிறதா, கோட் பிழை என்கிறதா? இரண்டும் வேறு வேறு வருத்தம், வேறு வேறு மருந்து. கோட் எங்கே போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைக் காட்டுகிறதா? ஆறு எண் கோட் கேட்கிறதா, எட்டு எண்ணா? ஆறு என்றால் எஸ்எம்எஸ் அல்லது அப். கூகுளில் எட்டு என்றால் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டிய காப்புக் கோட். திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அதோடு ஒரு தேடுதல். கூகுள் ஒரு தடவைக்கு 10 காப்புக் கோட்கள் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும். பேஸ்புக்கும் இப்படி ஒரு பட்டியல் தருகிறது. கணக்குத் திறந்த நாளில் யாராவது அதைப் பதிவிறக்கியிருந்தால், 'பேக்கப் கோட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் சின்னக் கோப்பாக டவுன்லோட்ஸ் பகுதியில் கிடக்கும். பிரின்ட் எடுத்திருந்தால் பரீட்சைப் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் ஃபைலைப் பாருங்கள். நம்மவர்கள் முக்கியம் என்று நினைக்கும் தாள் எல்லாம் அங்கேதான் போகும்.

கணக்கு எங்காவது ஒரு கருவியில் இன்னும் திறந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கருவியில் இருந்தே பாதுகாப்பு செட்டிங்ஸுக்குப் போய், புதிய காப்புக் கோட்கள் எடுக்கவும் இப்போதைய இலக்கத்தைச் சேர்க்கவும் முயலுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும், சிலவேளை இரண்டாம் படியையும் கேட்கும். கேட்காமல் விடுவதும் உண்டு, ஏனென்றால் அது ஏற்கெனவே நம்பப்பட்ட கருவி.

அறிகுறி: எஸ்எம்எஸ் கோட் வரவே இல்லை

இலக்கம் உங்களுடையது, சிம் போனுக்குள் இருக்கிறது, ஆனாலும் கோட் வரவில்லை. முதலில் இன்னொருவரை விட்டு அந்த இலக்கத்துக்குச் சும்மா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்தால் சிம்மில் பிழையில்லை. எஸ்எம்எஸ் அப்புக்குள் ஸ்பாம், புளொக் பகுதிகளைப் பாருங்கள். கோட் அனுப்புபவருக்கு இலக்கத்துக்குப் பதிலாகப் பெயர் இருப்பதால், விளம்பர எஸ்எம்எஸ்களைத் தடுக்கப் போட்ட தடை கோட்டையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

சும்மா அனுப்பியதும் வரவில்லை என்றால் போனை ஒருமுறை விமான நிலைக்கு மாற்றித் திரும்ப எடுங்கள், அல்லது சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பாருங்கள். நீண்ட நாள் ரீலோட் செய்யாத சிம் முடங்கியிருக்கலாம். வேறு போனில் போட்டதும் சிம் பின் கேட்டால் ஊகித்து அடிக்க வேண்டாம். மூன்று தரம் பிழைத்தால் பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே கோட் கேட்கும், அதையும் பத்துத் தரம் பிழையாக அடித்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும்.

இலக்கத்தை நீங்களே தட்டச்சு செய்யும் இடமாக இருந்தால் நாட்டுக் குறியீட்டைக் கவனியுங்கள். +94 போட்ட பிறகு முன்னால் உள்ள பூச்சியம் வராது. 077 என்று தொடங்கும் இலக்கம் +94 77 என்று தொடங்க வேண்டும். எஸ்எம்எஸ் தாமதமாகி இரண்டு மூன்று ஒன்றாக வந்து குவிந்தால், கடைசியாகக் கேட்டதற்கு உரியதை மட்டும் போடுங்கள். முந்தியவை பெரும்பாலும் செல்லாது.

அறிகுறி: கோட் போகும் இலக்கம் என் கையில் இல்லை

இதுதான் நம் ஊரின் தலையாய வருத்தம். கடைசி இரண்டு எண்களைப் பார்த்து, அது யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வீட்டில் எல்லோருடைய பழைய இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிடிபடவில்லை என்றால் கணக்குத் திறந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். வேலை விண்ணப்பத்துக்கோ பல்கலைக்கழக அனுமதிக்கோ சந்தியில் இருக்கும் கொமினிக்கேசனில் அவசரத்தில் திறந்த மின்னஞ்சலா? அப்படியானால் கோட் போவது கடைக்காரரின் போனுக்காக இருக்கலாம். கோபப்பட வேண்டாம். நீங்கள் அன்று போன் இல்லாமல் போயிருப்பீர்கள், அவர் தன் இலக்கத்தைப் போட்டு உதவியிருப்பார். நேரில் போய்ப் பக்கத்தில் நின்று கோட்டை வாங்கி உள்ளே போனதும், முதல் வேலையாக அந்த இலக்கத்தை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள்.

இலக்கம் வெளிநாட்டில் இருக்கும் உறவினருடையது என்றால் நேரம்தான் எதிரி. எஸ்எம்எஸ் கோட் சில நிமிடங்களில் காலாவதியாகும். இங்கே காலை 10 மணி என்றால் ரொரன்ரோவில் கோடையில் இரவு 12:30, குளிர்காலத்தில் 11:30. நித்திரையில் இருக்கும் அண்ணாவிடம் கோட் கேட்டுப் பயனில்லை. முதலில் வட்ஸ்அப் கோல் எடுத்து, அவர் போனைக் கையில் வைத்திருக்கும்போதுதான் கோட்டை அனுப்பச் சொல்லி அழுத்துங்கள். குரலில் வாங்குங்கள். கோட்டை எழுத்தில் அனுப்பிப் பழகிய குடும்பம், அண்ணாவின் கணக்கைத் திருடியவன் வந்து கேட்டாலும் அதே போல அனுப்பிவிடும்.

மறுபக்கமும் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் அக்காவின் கோட் அவருடைய வெளிநாட்டு சிம்முக்குப் போகிறது, அந்த சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போட்டிருக்கிறார். சிம்மைத் திரும்பப் போட்டு ரோமிங்கை இயக்கினால் போதும். டேட்டா ரோமிங் தேவையில்லை, எஸ்எம்எஸ் அது இல்லாமலே வரும். சில நிறுவனங்களில் வைஃபை கோலிங் இயக்கியிருந்தால் வீட்டு வைஃபை வழியாகவே எஸ்எம்எஸ் வந்து சேரும்.

சிம் தொலைந்துவிட்டது, ஆனால் இலக்கம் இன்னும் உங்கள் பெயரில் என்றால், அதே இலக்கத்துக்குப் புதிய சிம் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வழி. தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதியோடு உரியவரே நிறுவனத்தின் வாடிக்கையாளர் நிலையத்துக்குப் போக வேண்டும். சிம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதில்தான் சிக்கல் வரும். அப்பாவின் பெயரில் எடுத்ததை மகள் பாவிப்பாள், வெளிநாடு போன தம்பியின் சிம்மை மாமி பாவிப்பார். உரிமையாளர் ஊரில் இல்லை என்றாலோ காலமாகிவிட்டார் என்றாலோ, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று முன்கூட்டியே போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். நெடுந்தீவில் இருந்து படகேறிக் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ரவுணுக்கு வந்த பிறகு "கடிதம் கொண்டு வாங்கோ" என்று கேட்பது கொடுமை.

இலக்கம் முடங்கி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றால் அந்தக் கதவு மூடிவிட்டது. அந்தப் புதிய ஆளுக்கு அழைத்துக் கோட் கேட்க வேண்டாம். அவர் தரவும் கூடாது. நேரே 'ஒன்றுமே கைவசம் இல்லை' பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: அப் கோட் காட்டுகிறது, போட்டால் பிழை என்கிறது

கூகுள் ஓதென்டிகேட்டர் போன்ற அப்புகளின் கோட் எங்கிருந்தும் வருவதில்லை. முதல் நாள் நீங்கள் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தபோது ஒரு இரகசியச் சாவி போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே சாவி சேவையின் பக்கத்திலும் இருக்கிறது. இரு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன. 30 விநாடிக்கு ஒரு தடவை விடை மாறும். 2011இல் வெளியான பொதுத் தரம் இது, அதனால்தான் எந்த நிறுவனத்தின் அப்பும் எந்தச் சேவைக்கும் பொருந்துகிறது. இணையமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். வேண்டியது சரியான நேரம் ஒன்றே.

பிழை பெரும்பாலும் அங்கேதான். வெளிநாட்டில் இருந்து வந்த போன்களில் அது ஒளிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். சூரிச்சில் இருந்து ஓகஸ்டில் ஒரு போன் வருகிறது. சிம் இன்னும் போடவில்லை, வைஃபையில் மட்டும் ஓடுகிறது. இங்கே காலை 10 மணி, போன் 6:30 காட்டுகிறது. வீட்டில் யாரோ செட்டிங்ஸுக்குள் போய்த் தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, கையால் 10:00 என்று மாற்றிவிடுகிறார். இப்போது போனும் சுவர் மணிக்கூடும் ஒன்றாக ஓடுகின்றன. எல்லாம் சரி போலத்தான் தெரியும். ஆனால் நேர வலயம் இன்னும் சூரிச்சிலேயே நிற்கிறது. போன் நினைத்துக்கொண்டிருப்பது சூரிச்சில் காலை 10 மணி என்று, அதாவது யாழ்ப்பாணத்தில் பிற்பகல் 1:30. ஆகவே காலை 10 மணிக்கு அது காட்டும் கோட் மூன்றரை மணி நேரம் கழித்துச் செல்லப்போகும் கோட். சேவைகள் ஒரு அரை நிமிட முன்பின்னைப் பொறுத்துக்கொள்ளும், மூன்றரை மணி நேரத்தைப் பொறுக்காது. "தம்பி, கோட் வருகுது, போட்டா பிழை எண்டு சொல்லுது, மணிக்கூடும் சரியாத்தான் கிடக்கு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது நேர வலயத்தைத்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. செட்டிங்ஸில் திகதியும் நேரமும் என்ற இடத்துக்குப் போங்கள். முதலில் வலயத்தைக் கொழும்பு, ஜிஎம்டி +5:30 என்று மாற்றுங்கள். பிறகு தானியங்கி நேரத்தை இயக்குங்கள். வைஃபையோ டேட்டாவோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிம் போட்ட போன் என்றால் தானியங்கி வலயத்தையும் இயக்கிவிடலாம். அப்பை மூடித் திறந்து, கோட் புதிதாக மாறியதும் உடனே அடியுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நேரம் காட்டும் வட்டம் முடியப்போகும் கடைசி விநாடிகளில் இருக்கும் கோட்டை அடிக்கத் தொடங்க வேண்டாம்.

நேரம் சரியாக இருந்தும் பிழை என்றால் அப்புக்குள் அதே பெயரில் இரண்டு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு ஒருமுறை இருபடிச் சரிபார்ப்பை நிறுத்தி மறுபடி இயக்கியிருந்தால் பழைய சாவி அப்பிலேயே தங்கிவிடும், அதுவும் பாட்டுக்குக் கோட் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டையும் முயன்று பாருங்கள். உள்ளே போகும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

அறிகுறி: புதிய போனில் அப் போட்டேன், உள்ளே ஒன்றுமில்லை

அப்பைப் போட்டால் கோட்களும் வரும் என்று நினைப்பது இயல்பு. சாவிகள் பழைய போனில்தான் இருக்கின்றன. பழைய போன் உயிரோடு இருந்தால் கூகுள் ஓதென்டிகேட்டரில் கணக்குகளை இடமாற்றும் வசதியைத் திறந்து, அது காட்டும் கியூஆரைப் புதிய போனால் ஸ்கேன் செய்யுங்கள். பழைய போன் இல்லையென்றாலும் ஒரு நம்பிக்கை உண்டு. 2023 ஏப்ரலில் இருந்து, அப்பில் கூகுள் கணக்கால் உள்நுழைந்திருந்தால் அது சாவிகளை அந்தக் கணக்கில் சேமிக்கிறது, அதே கணக்கால் உள்ளே போனால் திரும்ப வந்துவிடும். சிக்கல், கூகுள் கணக்கின் கோட்டும் அதற்குள்ளேயே இருந்தால். அலுமாரிச் சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அப்போது கூகுளுக்கு வேறு ஒரு வழியில், காப்புக் கோட்டாலோ எஸ்எம்எஸ்ஸாலோ, முதலில் போக வேண்டும்.

மைக்ரோசொப்ட் ஓதென்டிகேட்டரில் அன்ட்ரொயிட்டில் எடுத்த காப்பு ஐபோனில் வராது, ஐபோனில் எடுத்தது அன்ட்ரொயிட்டிலும் வராது. அலுவலக, பல்கலைக்கழகக் கணக்குகள் பெயரளவில் வந்து நிற்கும், அவற்றை மறுபடி பதிவு செய்தே ஆக வேண்டும்.

அறிகுறி: போன் விழுந்து உடைந்துவிட்டது

திரை மட்டும் போயிருந்தால் போன் சாகவில்லை. போனில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி கேபிளில் ஒரு மௌஸைச் செருகினால் பல அன்ட்ரொயிட் போன்களில் அம்புக்குறி வரும், தொடுகை மட்டும் போன திரைக்கு இது போதும். படமே தெரியவில்லை என்றால் ரவுணில் டிஸ்பிளே மாற்றிக் கொடுங்கள். போன் பழையது, காசு வீண் என்று தோன்றும். அதற்குள் ஆறு கணக்கின் சாவி இருக்கிறது என்றால் வீண் இல்லை. கடையில் கொடுக்கும்போது "டேட்டா வேணும், ஃபோர்மட் அடிக்கக் கூடாது" என்று வாயால் சொல்வதோடு பில்லிலும் எழுதி வாங்குங்கள். சிம்மைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சிம் வேறு போனில் வேலை செய்தால் எஸ்எம்எஸ் கோட் அன்றே வந்துவிடும்.

அறிகுறி: போனில் 'ஆம்' அழுத்தச் சொல்கிறது, போனில் ஒன்றும் வரவில்லை

இந்த அறிவித்தலுக்கு இணையம் வேண்டும். டேட்டா முடிந்திருக்கிறதா, பட்டரி சேமிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். கூகுள் என்றால் போனில் ஜீமெயிலைத் திறங்கள், மறைந்திருந்த கேள்வி மேலே வரும். மைக்ரோசொப்ட் என்றால் ஓதென்டிகேட்டரைத் திறந்து கீழே இழுத்து விடுங்கள். திரையில் காட்டும் எண்ணை அப்பில் அடிக்க வேண்டியிருக்கும். அப்படியும் வரவில்லை என்றால் உள்நுழையும் பக்கத்தில் வேறு வழி என்ற இணைப்பை அழுத்துங்கள். அந்த இணைப்பு சின்ன எழுத்தில் அடியில் இருக்கும், அதைக் காணாமலே பலர் நாள்கணக்கில் மாட்டுப்பட்டிருக்கிறார்கள்.

நீங்கள் ஒன்றும் செய்யாதபோது இப்படிக் கேள்வி வந்தால், அது உங்கள் பாஸ்வேர்ட் வேறு ஒருவரிடம் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். 'இல்லை' என்று அழுத்திவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அறிகுறி: கணினியில் கியூஆர் காட்டி, போனால் ஸ்கேன் செய்யச் சொல்கிறது, ஸ்கேன் செய்தும் நகரவில்லை

அது பாஸ்கீ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனில் இருக்கும் ஒரு சாவி. போனும் கணினியும் பக்கத்தில் இருக்கின்றன என்பதை புளூடூத் வழியாக உறுதிப்படுத்திக்கொள்ளும். கொமினிக்கேசனில் இருக்கும் மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத் கிடையாது. போனிலேயே உள்நுழைந்து வேலையை முடியுங்கள், அல்லது வேறு வழியைத் தெரிவு செய்யுங்கள்.

அறிகுறி: ரீசெட் செய்த போன் பழைய கணக்கைக் கேட்கிறது

அன்ட்ரொயிட் 5.1இல் இருந்து உள்ள திருட்டுத் தடுப்பு இது. முன்பு போனில் இருந்த கூகுள் கணக்கோ திரைப் பூட்டோ தெரியாமல் மேலே போகாது. கோட் அதே போனுக்கு வருவதாக இருந்தால், சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டு கோட்டை வாங்குங்கள். பாஸ்வேர்ட் மறந்தால் இன்னொரு கருவியில் மாற்றிவிட்டு 24 மணி நேரம் பொறுத்து முயலுங்கள். செகன்ட் ஹான்ட்டாக வாங்கிய போன் என்றால் விற்றவரிடம் போவதைத் தவிர நேர்மையான வழியில்லை.

அறிகுறி: வட்ஸ்அப் எஸ்எம்எஸ் கோட்டை ஏற்கிறது, பிறகு ஒரு பின் கேட்கிறது

அது நீங்களோ, கணக்கைத் திருடியவரோ போட்ட ஆறு எண் பின். மின்னஞ்சல் சேர்த்திருந்தால் மறந்துவிட்டேன் என்று அழுத்தி அதன் வழியாக நீக்கலாம். சேர்க்கவில்லை என்றால் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. திருட்டு என்று சந்தேகம் இருந்தாலும் எஸ்எம்எஸ் கோட்டை உடனே போட்டுவிடுங்கள். பின் தெரியாவிட்டாலும் அந்த நிமிடமே திருடியவர் வெளியேற்றப்படுவார். காத்திருக்கும் நாட்களில் அவரால் உங்கள் பெயரில் "அவசரமாக் காசு அனுப்புங்கோ" என்று உறவினர்களுக்கு எழுத முடியாது. ஏற்கெனவே எழுதியிருப்பார் என்பதால், குடும்பக் குழுவில் வேறு ஒருவரை விட்டு எச்சரிக்கை போடச் சொல்லுங்கள்.

அறிகுறி: பல்கலைக்கழக, அலுவலகக் கணக்கு

இங்கே கூகுளையோ மைக்ரோசொப்ட்டையோ கேட்டுப் பயனில்லை. கணக்கின் சொந்தக்காரர் நிறுவனம். அங்கே கணினிப் பிரிவில் இருக்கும் நிர்வாகியால் சில நிமிடத்தில் முடியும் வேலை இது. மைக்ரோசொப்ட் கணக்கு என்றால், பழைய பதிவை நீக்கி மறுபடி பதிவு செய்ய வைக்கலாம், அல்லது சில மணி நேரம் மட்டும் செல்லும் தற்காலிக நுழைவுக் கோட் தரலாம். கூகுள் என்றால் உங்களுக்காகக் காப்புக் கோட்களை எடுத்துத் தரலாம். மாணவர் என்றால் பதிவு இலக்கம், பயனர் பெயர், பிழை காட்டிய திரையின் படம், பழைய போனுக்கு என்ன நடந்தது என்ற ஒரு வரி, இவ்வளவையும் எழுதி மாணவர் அட்டையோடு நேரில் போங்கள். பாஸ்வேர்டை எழுத வேண்டாம். பரீட்சை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் போனால் வரிசை நீளமாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: ஒன்றுமே கைவசம் இல்லை

போன் இல்லை, இலக்கம் இல்லை, காப்புக் கோட் இல்லை. இனி மீட்புப் படிவம்தான். ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது.

கூகுள் நீங்கள் சொல்லும் விடைகளோடு, எங்கிருந்து சொல்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறது. முன்பு வழக்கமாக உள்நுழைந்த அதே கணினி, அதே பிரவுசர், அதே வீட்டு இணையம். கோப்பாயில் வீட்டு வைஃபையில் பாவித்த கணக்கை, ரவுணில் தெரியாத கடையின் கணினியில் இருந்து மீட்க முயன்றால் விடை சரியாக இருந்தாலும் சந்தேகப்படும். வெளிநாட்டில் இருக்கும் மகன் "நான் செய்து தாறன்" என்று அங்கிருந்து முயல்வதும் அதே காரணத்தால் சரிவராது. நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். கேள்விகளைத் தவிர்த்துவிட்டுப் போகாமல் ஞாபகத்தில் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்டையாவது எழுதுங்கள். ஊகம் பிழைத்தால் தண்டனை இல்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டால் முடிவுக்குச் சில வேலை நாட்கள் ஆகலாம். கணக்கைத் திருடியவர் மீட்பு இலக்கத்தை மாற்றியிருந்தாலும் பழைய இலக்கத்துக்கு 7 நாட்கள் வரை கோட் அனுப்ப கூகுள் இடம் கொடுக்கும். அந்த ஒரு கிழமையை விட்டுவிடாதீர்கள்.

மைக்ரோசொப்ட் தனிநபர் கணக்கு கடினமானது. இருபடிச் சரிபார்ப்பு இயங்கும் கணக்கில் வழக்கமான மீட்புப் படிவம் உதவாது. பாஸ்வேர்ட் தெரிந்திருந்தால் பழைய பாதுகாப்புத் தகவலுக்குப் பதிலாகப் புதியதைக் கொடுத்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இடையில் பொறுமையிழந்து மறுபடி மறுபடி தொடங்க வேண்டாம். பாஸ்வேர்டும் தெரியாது, தொடர்பு வழியும் இல்லை என்றால் 25 எழுத்து மீட்புக் கோட் எடுத்து வைத்தவருக்கே வழியுண்டு.

பேஸ்புக் அடையாள ஆவணத்தின் படம் கேட்கும். பேஸ்புக்கில் 'யாழ்ப்பாணத்துப் பொடியன்' என்றோ, பாதிப் பெயரில் நட்சத்திரம் போட்டோ கணக்கு வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அடையாள அட்டையில் தந்தை பெயர் முன்னால் முழுதாக இருக்கும், கணக்கில் இருக்காது. பிறந்த திகதியும் படமுமாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகும் வேறு ஆவணம் இருந்தால் அதைக் கொடுங்கள்.

ஆப்பிள் ஒரு காத்திருப்புக் காலம் வைத்து, எப்போது திரும்பலாம் என்று அறிவிக்கும். அந்த நாட்களில் அதே கணக்கு ஏற்கெனவே இருக்கும் ஐபோனையோ ஐபாட்டையோ பாவித்தால் விண்ணப்பம் ரத்தாகலாம், நிறுத்தி வையுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் "கணக்கு எடுத்துத் தாறம், பத்தாயிரம் ரூபா" என்று ஆட்கள் வருவார்கள். நிறுவனத்துக்கு வெளியே எவரிடமும் அந்தச் சாவி கிடையாது. காசும் போகும், மிச்சமிருந்த தகவலும் போகும். உண்மையிலேயே திருட்டு நடந்திருந்தால் 2006இல் இருந்து இயங்கும், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம். கணக்கை வைத்து யாராவது காசு வாங்கியிருந்தால் பொலிஸ் முறைப்பாடும் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதைக் குற்றமாகக் கொள்கிறது. வங்கிக் கணக்கு அந்த மின்னஞ்சலில் இருந்தால் வங்கிக்கு அன்றே சொல்லுங்கள், மீட்பு முடியட்டும் என்று பார்க்க வேண்டாம்.

உள்ளே போனதும்

எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிப்பதற்கு முன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கருவிகளின் பட்டியலைத் திறந்து தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். உங்களுக்கு வரும் மின்னஞ்சலைத் தானாக வேறிடத்துக்கு அனுப்பும் முகவரி யாராவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இப்போதைய இலக்கத்தைச் சேர்த்து, அது வேலை செய்கிறது என்று சோதித்த பிறகே பழையதை நீக்குங்கள். இந்த வரிசை முக்கியம்.

புதிய காப்புக் கோட்கள் எடுத்தால் பழைய பட்டியல் செல்லாது, ஆகவே பழைய தாளைக் கிழியுங்கள். புதியதை பிரின்ட் எடுத்து, மேலே எந்தக் கணக்கு என்றும் எடுத்த திகதியும் எழுதி அந்த ஃபைலிலேயே வையுங்கள். போனில் படம் எடுத்து வைப்பது, அந்தப் போனே தொலையும் நாளில் உதவாது. அம்மாவின் கணக்கு என்றால் இரண்டாவது வழியாக வெளிநாட்டு மகனின் இலக்கத்தை வைத்திருக்கலாம், ஆனால் முதல் வழி அம்மாவின் கையில் இருக்கும் போனாக இருக்கட்டும். அதில் கோட் எங்கே வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் இருந்து ஒருமுறை அவரையே செய்ய விடுங்கள்.